யார் சொன்னால் நம்பலாம்? தொடர்பியலும் தத்துவமும் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, ஜூன் 9

"முதுகலை தொடர்பியல் படிக்கிறேன். முதல் செமஸ்டரிலேயே அரிஸ்டாட்டில், நியாய சூத்திரம் என்று ஒரு முழுத் தாள். தொடர்பியல் ஒரு சமூக அறிவியல். சர்வே எடுக்கிறோம், சோதனை செய்கிறோம், விளைவை அளக்கிறோம். இதில் தத்துவத்துக்கு என்ன வேலை? அந்தத் தாளை எடுத்துவிட்டு டேட்டா ஜர்னலிசம் வைத்தால் யாருக்கு நஷ்டம்? பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரே ஓர் உதாரணத்தை வைத்து யாராவது விளக்குங்கள்."

ஜூன் 9, இரவு

ஒரே உதாரணம் போதும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அடுத்தவர் சொல்வதை நாம் நம்புவது.

உங்கள் துறையில் இதற்கு அடிப்படைப் பாடம் 1951இல் வந்த ஹோவ்லாண்ட், வைஸ் ஆய்வு. யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சில கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். கட்டுரை ஒன்றுதான், சொன்னவர் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்ட முடியுமா என்ற கட்டுரையில் சிலருக்கு அணு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் பெயர், சிலருக்கு சோவியத் நாளிதழ் பிராவ்தாவின் பெயர். படித்த கையோடு கேட்டபோது, நம்பகமான பெயரைப் பார்த்தவர்களே கட்டுரையின் பக்கம் அதிகம் சாய்ந்திருந்தார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. யார் சொன்னது என்பது விஷயத்திலிருந்து கழன்றுகொள்கிறது, விஷயம் மட்டும் தங்கிவிடுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

அருமையான ஆய்வு. ஆனால் அதில் 'நம்பகமானவர்' என்றால் யார்? மாணவர்கள் நம்பகமானவர் என்று கருதியவர், அவ்வளவுதான். அவர்கள் அப்படிக் கருதியது சரியா தவறா என்பது ஆய்வின் வேலை இல்லை. நம்பினார்களா என்பதை அளக்கலாம். நம்பியிருக்கலாமா என்பதை எந்த சர்வேயும் சொல்லாது. ஆயிரம் பேரிடம் கேட்டால் ஆயிரம் பேர் நம்புகிறார்கள் என்றுதான் தெரியவரும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்குத்தான் அந்தத் தாள்.

ஜூன் 10, காலை

எதிர்பார்த்தபடியே ஒருவர் 423ஆம் குறளைப் போட்டுவிட்டார். எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு. "இதற்கு மேல் என்ன தத்துவம் வேண்டும், பஸ்ஸிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே" என்கிறார்.

குறளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதை அப்படியே அன்றாடத்தில் கடைப்பிடித்துப் பாருங்கள். உங்கள் பிறந்த தேதி உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னார். அம்மா சொன்னதைச் சரிபார்க்கச் சான்றிதழை எடுப்பீர்கள். அதுவும் ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதியது. டாக்டர் சொன்ன மாத்திரையின் மெய்ப்பொருளை மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றுகொண்டு காண முடியாது. நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி யாரோ சொல்லி வந்தது.

வள்ளுவருக்கும் இது தெரிந்திருக்கிறது. 423 இருக்கும் அறிவுடைமை அதிகாரத்துக்கு முந்தைய அதிகாரம் கேள்வி. அங்கே 415ஐப் பாருங்கள்: இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்கம் உடையார்வாய்ச் சொல். வழுக்கும் இடத்தில் ஊன்றுகோல் மாதிரி, ஒழுக்கம் உள்ளவர் வாய்ச்சொல். ஊன்றுகோலை ஊன்றித்தான் நடக்க முடியும். ஒவ்வொரு அடிக்கும் அதன் மரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தால் விழுந்துவிடுவோம். அப்புறம் பத்துக் குறள்கூடத் தாண்டாமல், யார் சொன்னாலும் நீயே பார் என்கிறார். 423 மட்டும் பிரபலமாகி 415ஐ யாரும் மேற்கோள் காட்டாதது எனக்கு ரொம்ப நாள் வருத்தம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சிக்கல் தெரிகிறது. எப்போது ஊன்றுவது, எப்போது சோதிப்பது?

ஜூன் 11

நான் ஒரு தமிழ் நாளிதழில் வெகுகாலம் உதவி ஆசிரியராக இருந்தவன். இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, இரவு ஷிப்டில் வந்தது.

மாவட்ட எடிஷன் பக்கம் முடியப் போகும் நேரம். பகுதி நேர நிருபர் போனில் வருகிறார். நெடுஞ்சாலையில் வேனும் லாரியும் மோதியிருக்கின்றன. இறந்தவர்கள் எத்தனை பேர்? இன்ஸ்பெக்டரிடம் கேட்டால் ஐந்து என்கிறார். ஜி.எச். மார்ச்சுவரியில் இருக்கும் ஊழியர் ஏழு என்கிறார். நிருபர் இரண்டையும் சொல்லிவிட்டு, "சார், மார்ச்சுவரி ஆள் கையால் எண்ணியிருக்கார்" என்று இழுத்தார். செய்தி ஆசிரியர் தலை நிமிராமல், "போலீஸ் கணக்கைப் போடு" என்றார். ஐந்து என்று அச்சானது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஏழு.

அந்த முடிவை அன்று யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை, டெஸ்க்கின், அதாவது செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் எங்கள் பிரிவின், வழக்கமே அதுதான். ஸ்டேஷனில் உட்கார்ந்தபடி வயர்லெஸ்ஸில் கேட்டவர் சொன்னது செய்தி. உடல்களைத் தூக்கி வைத்தவர் சொன்னது வதந்தி. இன்ஸ்பெக்டருக்கு அதிகம் தெரியும் என்பதால் இல்லை. பின்னால் பிரச்சினை வந்தால், "அவர் சொன்னார், நாங்கள் போட்டோம்" என்று காட்ட ஒரு பதவி இருக்கிறது. மார்ச்சுவரி ஊழியரைக் காட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். அதாவது நாங்கள் 'நம்பகமான வட்டாரம்' என்று எழுதும்போதெல்லாம் அறிவைப் பற்றிப் பேசவில்லை, பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

டேவிட் மேனிங் வைட் 1950இல் வெளியிட்ட 'கேட்கீப்பர்' (வாசல் காப்பவர்) ஆய்வை உங்களுக்கு நடத்தியிருப்பார்கள். ஓர் அமெரிக்கச் சிறுநகரப் பத்திரிகையில் வயர் எடிட்டராக, அதாவது செய்தி நிறுவனங்கள் அனுப்புவதிலிருந்து தேர்ந்தெடுப்பவராக, இருந்தவர் 1949 பிப்ரவரியில் ஒரு வாரம் முழுக்க, தான் ஒதுக்கிய செய்திகளின் மேலேயே காரணத்தை எழுதி வைத்தார். வந்ததில் பத்தில் ஒன்பது பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 'இடமில்லை', 'பிரச்சாரம்' என்ற மாதிரியான காரணங்கள். நான் அதை முதலில் படித்தபோது எங்கள் டெஸ்க்கையே பார்த்த மாதிரி இருந்தது. வாசலில் நிற்பவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று அது அழகாகக் காட்டுகிறது. எப்படி எடுத்திருக்க வேண்டும் என்று கேட்க வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஜூன் 12, காலை

அந்த வேறு இடம் எனக்கு நியாயம் என்ற இந்தியத் தர்க்கப் பள்ளியின் மூல நூலான நியாய சூத்திரத்தில் கிடைத்தது. அறிவு வரும் வழிகள் நான்கு: காட்சி, அனுமானம், ஒப்புமை, சொல். சொல்லை வரையறுக்கும்போது, ஆப்தன் சொன்னது என்கிறது சூத்திரம். ஆப்தன் யார் என்று உரைகாரர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். விஷயத்தை நேரில் அறிந்தவன். அறிந்ததை அறிந்தபடியே சொல்ல வேண்டும் என்ற விருப்பத்தோடு பேசுகிறவன். அத்தோடு விட்டிருந்தால் நான் இவ்வளவு உருகியிருக்க மாட்டேன். அடுத்து, இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் (அந்நியருக்கும்) ஒன்றுதான் என்கிறார்.

அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். வருணமும் பதவியும் கோலோச்சிய சமூகத்தில் உட்கார்ந்துகொண்டு, அறிவின் வாசலில் பிறப்பைக் கேட்காதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்றிரவு எங்கள் டெஸ்க்கில் வாத்ஸ்யாயனர் உட்கார்ந்திருந்தால் மார்ச்சுவரி ஊழியரின் ஏழுக்கு முதல் மரியாதை கிடைத்திருக்கும்.

பேசுகிறவரின் சாதி, பால், நிறம் பார்த்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதை ஒரு தனி வகை அநீதி என்று மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் ஒரு முழு நூலாக எழுதினார். நம் ஊர்ச் செய்தி அறைகளுக்கு அந்த நூல் மிகவும் தேவை. ஒரு கிராமத்துச் சம்பவத்தில் ஊர்த் தரப்பு சொல்வது "கூறினார்" என்றும் காலனித் தரப்பு சொல்வது "குற்றம் சாட்டினார்" என்றும் அச்சாவதை நான் எத்தனையோ பக்கங்களில் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 12, மாலை

"நியாயத்தில் சொல் என்றால் வேதம், அதைக் கொண்டுவந்து செய்தித்தாளில் ஒட்டுகிறீர்களே" என்று ஒருவர். இல்லை. அடுத்த சூத்திரமே சொல்லை இரண்டாகப் பிரிக்கிறது: கண்ணால் காணக்கூடிய விஷயத்தைப் பற்றியது, காண முடியாததைப் பற்றியது. ஆற்றங்கரையில் பழம் இருக்கிறது என்று வழிப்போக்கன் சொல்வது முதல் வகை. விபத்துச் செய்தியும் அதில்தான் வரும். வேதம் எப்படிப் பிரமாணம், அதாவது அறிவு தரும் வழி, ஆகும் என்பது அவர்களுக்கு வேறு சண்டை, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஜூன் 13

பழைய நிருபர் ஒருவர் எழுதியிருக்கிறார்: மார்ச்சுவரியில் அன்றைக்கு வேறு விபத்தில் இறந்தவர்களின் உடலும் இருந்திருக்கலாம், எண்ணியவருக்கு அது தெரியாமல் போயிருக்கலாம், போலீஸ் கணக்கு அதனால்தான் தாமதமாகிறது. நியாயமான பேச்சு. நேரில் பார்த்தவர் என்பதாலேயே எதை நேரில் பார்த்தார் என்பது தெளிவாகிவிடாது. ஏழு உடல்களைப் பார்த்தார், 'அந்த விபத்தில் ஏழு' என்பதைப் பார்க்கவில்லை. அப்படியானால் டெஸ்க் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி, "எந்த வண்டியில் கொண்டுவந்தார்கள்?" அதைக் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஊழியர் சொல்வதை ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டதால் அந்த ஒரு நிமிடம் செலவாகவில்லை. என் குறை அங்கேதான்.

ஜூன் 14

கேள்வி கேட்ட மாணவர் திரும்ப வந்திருக்கிறார். "எல்லாரையும் சந்தேகித்துச் சோதித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்பது ஒரு கட்சி, முதலில் நம்பு, முரண் வந்தால் சந்தேகி என்பது இன்னொரு கட்சி, நீங்கள் எந்தக் கட்சி?"

இது மிகப் பழைய வழக்கு. அறிவு தன்னளவிலேயே செல்லும், குறை தெரியவரும்போதுதான் விழும் என்று வேத விளக்கப் பள்ளியினரான மீமாம்சகர்கள், குறிப்பாகக் குமாரிலர். இல்லை, அது சரிதானா என்பதற்கு வெளியிலிருந்து உறுதி வேண்டும், செயலில் இறங்கி அது பலிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று நியாயப் பள்ளியினரான நையாயிகர்கள். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் இதே மாதிரி ஒரு ஜோடி. சாட்சி சொல்பவரை நம்புவதும் அனுபவத்தின் கணக்குத்தான், கிடைத்திருக்கும் ஆதாரத்தின் அளவுக்கு நம்பு என்றார் ஹியூம். உண்மை பேசும் இயல்பும் பிறர் சொல்லை நம்பும் இயல்பும் மனிதனுக்குள்ளேயே வைக்கப்பட்டவை, இல்லாவிட்டால் குழந்தை ஒரு வார்த்தைகூடக் கற்காது என்றார் தாமஸ் ரீட்.

உங்கள் துறைக்காரர் ஒருவர் இந்த இடத்துக்கு முற்றிலும் வேறு பாதையில் வந்து சேர்ந்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. டிமதி லெவைன், தொடர்பியல் ஆய்வாளர், பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிப் பல வருடம் சோதனை நடத்தியவர். பாண்டும் டிபாலோவும் 2006இல் இந்த வகை ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, பொய் எது மெய் எது என்று மனிதர்கள் சரியாகச் சொல்வது சராசரியாக 54 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். லெவைன் 2014இல் முன்வைத்த கொள்கை, நாம் இயல்பிலேயே உண்மை என்று எடுத்துக்கொண்டுதான் கேட்கிறோம், ஏதாவது உறுத்தினால்தான் சந்தேகம் எழுகிறது என்கிறது. பெரும்பாலானோர் பெரும்பாலும் உண்மையே பேசுவதால் அந்தப் பழக்கம் நமக்குப் பெரும்பாலும் நன்மைதான் செய்கிறது.

குமாரிலர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

நான் எந்தக் கட்சி? நேற்றுவரை நையாயிகர் கட்சி என்று சொல்லியிருப்பேன், டெஸ்க் வேலை அப்படித்தான் பழக்கும். ஆனால் வீட்டில், கடையில், டாக்டரிடம் நான் குமாரிலர் கட்சிதான். ஆளுக்கு ஒரு கட்சி என்பதைவிட இடத்துக்கு ஒரு கட்சி என்பதே சரி என்று இப்போது படுகிறது. லட்சம் பேருக்கு எடுத்துச் சொல்லப் போகிறவன் தனக்காக மட்டும் நம்புகிறவனைவிட அதிகம் சோதித்தாக வேண்டும். இது சர்வேயிலிருந்து வரும் முடிவு இல்லை, ஆனால் சர்வே தெரியாமலும் இதைச் சொல்ல முடியாது.

ஜூன் 14, இரவு

சிறு சேர்க்கை. ஹோவ்லாண்ட் ஆய்வில் பார்த்தோமே, யார் சொன்னது என்பது கழன்று விஷயம் மட்டும் தங்குவது, அந்த 'ஸ்லீப்பர் எஃபெக்ட்' இன்னும் செல்லுமா என்று ஒருவர் கேட்டார். 1970களில் சில மறு சோதனைகளில் அது பிடிபடவில்லை, அதைப் புதைத்துவிடலாமா என்றே கேட்டார்கள். 1988இல் பிராட்கானிஸ் குழு சில நிபந்தனைகளோடு அதை மீட்டது. முக்கியமான நிபந்தனை: 'இவரை நம்பாதே' என்ற எச்சரிக்கை செய்திக்கு *பின்னால்* வர வேண்டும். அப்போதுதான் எச்சரிக்கை மறந்து செய்தி தங்குகிறது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், வாட்ஸ்அப்புக்கு வரும்போது தேவைப்படும்.

ஜூன் 16

வாட்ஸ்அப்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு உறவினர்களோடு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று ஊரே கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். வடக்கிலிருந்து கும்பல் வந்திருக்கிறது என்ற செய்தி அதற்கு முன்பே போன் போனாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வருடம் நாட்டின் பல மாநிலங்களில் இதே காரணத்துக்காகக் கொலைகள் நடந்தன. அந்த ஜூலையில்தான் பகிர்ந்த செய்திக்கு மேல் 'ஃபார்வர்டட்' என்ற குறி வந்தது, இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடும் வந்தது. அதிகம் சுற்றிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்பலாம் என்பது 2020 ஏப்ரலில் வந்தது.

இங்கேதான் தத்துவக்காரர்கள் பக்கமும் எனக்குக் குறை உண்டு. வாத்ஸ்யாயனராகட்டும் ரீட் ஆகட்டும், அவர்கள் மனதில் இருக்கும் படம் ஒருவர் பேச ஒருவர் கேட்பது. வழிப்போக்கன் எதிரே நிற்கிறான், முகத்தைப் பார்க்கலாம், திரும்பக் கேட்கலாம். குடும்ப குரூப்பில் வரும் குரல் பதிவுக்கு ஆப்தன் யார்? அனுப்பிய சித்தப்பாவா? அவர் நேரில் அறிந்தவர் இல்லை, ஆனால் பொய் சொல்லும் எண்ணமும் இல்லை. பதிவில் பேசுகிறவரா? அவர் யாரென்றே தெரியாது. சித்தப்பா மேல் உள்ள நம்பிக்கை முன்பின் தெரியாத குரலின் மேல் ஏறிக்கொள்கிறது. இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பது தொடர்பியல்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஒஹையோவின் ஈரி கவுன்டியில் லாசர்ஸ்ஃபெல்டு குழு கண்டது இதன் ஆரம்பம்: ஊடகத்தில் வருவது நேராக மக்களிடம் போவதைவிட, அவர்கள் நம்பும் தெரிந்த மனிதர்கள் வழியாகத்தான் போகிறது. காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் அதைப் பெரிதாக விரித்தார்கள்.

சங்கிலித் தொடரில் சாட்சியத்தின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு இந்த இரண்டு கூட்டமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் பதில் வரும். 'ஃபார்வர்டட்' குறியையே எடுங்கள். அது செய்தி நடந்து வந்த பாதையைத்தான் சொல்கிறது, உண்மையா என்பதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்கிறது: இது சித்தப்பாவின் சொல் இல்லை என்று, படிக்கத் தொடங்கும்போதே, மேலேயே சொல்லிவிடுகிறது. எச்சரிக்கை முன்னால் வருகிறது. செய்தி பரவி இரண்டு நாள் கழித்து மறுப்பு வெளியிடுவது பின்னால் வரும் எச்சரிக்கை, பிராட்கானிஸ் சோதனைப்படி மறந்துபோகும் வகை. என் பத்திரிகை வாழ்க்கை முழுக்க உள்பக்க மூலையில் போட்ட 'திருத்தம்' பெட்டிகளெல்லாம் இந்த இரண்டாம் வகைதான். அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

ஜூன் 17

அரிஸ்டாட்டில் எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். ஒன்று மட்டும். பேசுகிறவரின் நம்பகம் அந்தப் பேச்சின் மூலமாகவே உண்டாக வேண்டும், அவரைப் பற்றி முன்பே இருக்கும் பெயரால் அல்ல என்கிறார் 'சொல்லாட்சி' நூலில். வாத்ஸ்யாயனரோ ஆளைப் பார்க்கச் சொல்கிறார். ஆளே தெரியாத குரல் பதிவில் அரிஸ்டாட்டில் சொன்ன நம்பகம் மட்டும்தான் இருக்கிறது: பதற்றமான குரல், "நானே பார்த்தேன்" என்ற தொடக்கம், ஊர்ப் பெயர், தெருப் பெயர். அதைத் தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஜூன் 20

மணிமேகலையை இந்த இழையில் யாராவது இழுப்பார்கள் என்று காத்திருந்தேன். கடைசியில் ஒரு தமிழாசிரியர் இழுத்துவிட்டார், நன்றி. வஞ்சியில் சமயவாதிகளிடம் அவள் கேட்கும் பட்டியலில் எந்தெந்த அளவைகளை, அதாவது அறிவு வரும் வழிகளை, யார் யார் ஏற்கிறார்கள் என்று வருகிறது, சொல்லும் அதில் ஒன்று. பிறகு காஞ்சியில் அறவண அடிகள், அளவை இரண்டே என்கிறார்: காட்சி, கருத்தளவு (அனுமானம்). மற்றதெல்லாம் கருத்தளவுக்குள் அடக்கம். அதாவது பௌத்தர் பார்வையில் சொல் தனி வாசல் இல்லை. சொல்லைக் கேட்கிறோம், அதிலிருந்து அனுமானிக்கிறோம். பின்வந்த பௌத்தத் தர்க்க நூலோர் இன்னும் கறாராகச் சொல்வார்கள்: சொல்லிலிருந்து உறுதியாக அனுமானிக்க முடிவது பேசுகிறவர் என்ன சொல்ல நினைத்தார் என்பதை மட்டும்தான், உலகம் எப்படி இருக்கிறது என்பதை அல்ல.

அந்தத் தமிழாசிரியரின் கேள்வி, செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் செய்திக்கும் உருவாக்கித் தரும் குரலுக்கும் இதில் எது பொருந்தும் என்பது. இரண்டு நாளாக யோசிக்கிறேன். நியாயத்தின் நிபந்தனைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை: நேரில் அறிந்தவர் இல்லை, அறிந்தபடி சொல்லும் விருப்பமும் இல்லை. பௌத்தர் வழியில் போனால் அங்கும் முட்டுகிறது. அனுமானிக்க வேண்டியது பேசுகிறவரின் எண்ணத்தை, அந்த இடம் காலி. ஆனால் பதில்கள் பல சமயம் சரியாகவும் இருக்கின்றன, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெப்பமானியைப் பார்த்து வெப்பத்தை அறிவது போன்ற அனுமானம் என்று சொல்லலாம் என்றால், வெப்பமானியின் பாதரசம் ஏன் ஏறுகிறது என்று நமக்குத் தெரியும், எப்போது தவறும் என்றும் தெரியும். இங்கே அந்தக் காரணத் தொடர்பை இன்னும் பிடிக்க முடியவில்லை.

ஆகவே மாணவருக்கு: உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது இதை எடுங்கள். ஹோவ்லாண்ட் சோதனையை அப்படியே வையுங்கள். ஒரே கட்டுரை, ஒரு குழுவுக்கு ஒரு டாக்டர் பெயர், ஒரு குழுவுக்கு ஊர் செவிலியர் பெயர், ஒரு குழுவுக்கு 'இயந்திரம் எழுதியது' என்ற குறி. குறியைச் சிலருக்கு மேலே போடுங்கள், சிலருக்குக் கீழே. உடனே கேளுங்கள், நான்கு வாரம் கழித்தும் கேளுங்கள். முடிவு அட்டவணை வந்த பிறகு, அவர்கள் நம்பியது சரிதானா என்று ஓர் அத்தியாயம் எழுத வேண்டியிருக்கும். அதற்கு அந்த முதல் செமஸ்டர் தாளின் நோட்ஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். கேள்வித்தாள் வரைவு தயாரானதும் இங்கேயே போடுங்கள், செவிலியர் பெயர் எந்த ஊர், எந்தச் சமூகம் என்று காட்டும்படி இருக்கலாமா என்பதைப் பேச வேண்டியிருக்கிறது.